அப்பத்தோடு சொல்லும் பெயர்

வழிபாடு தொடங்கி முதல் பாட்டு முடிந்து, தூபப் புகை தூண்களின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. வாசலில் நிற்கும் காவலர்களில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பதை ஸ்தானா மறுபடியும் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பார்க்கிறாள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதற்காக மெழுகுவத்தித் தட்டைப் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிப் பார்வையை மட்டும் ஓரமாக விட்டாள். சென்ற ஞாயிறு அங்கே நின்றவர்கள் அவள் கணவனின் ஊர்க்காரர்கள். மூக்கு உடைந்தவன் ஒருவன், எப்போதும் இருமுகிறவன் ஒருவன். அரசியாக இந்தத் தர்னொவோ நகரத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த இருமலை அவள் வெறுத்திருக்கிறாள். எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில்தான் அது சரியாக வரும். இன்று அந்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. எங்கே போனான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா, அல்லது வேறு எங்காவது அனுப்பிவிட்டார்களா. பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விதான் ஒரு காலில் நின்றான், பிறகு மறுகாலுக்கு மாறினான். எட்டு வயது. அப்பா இறந்த இலையுதிர் காலத்திலிருந்து பல்கேரியர்கள் அனைவருக்கும் அரசன். தலையில் வைத்திருக்கும் சின்ன கிரீடம் வலது காதை அழுத்துகிறது என்று காலையில் சொன்னான். கொஞ்சம் கம்பளி நூல் வைத்துக் கொடுத்திருந்தாள். அந்த நூல் வெளியே தெரிகிறது. தெரிந்தால் என்ன. ஆற்றுக்கு அக்கரையில் தார்த்தாரியப் படையின் கூடாரங்கள் பனியில் கறுப்புக் கறுப்பாகத் தெரிகின்றன, நகரமே மதிலேறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது, இவள் நூல் தெரிகிறதே என்று கவலைப்படுகிறாள். கவலைப்படட்டும். நூலைப் பற்றிக் கவலைப்படும்வரை மற்றதைப் பற்றி நினைக்காமல் இருக்கலாம்.

ஆனால் மற்றதுதான் வந்தது. வியாழக்கிழமை பெலோட்டா அந்தக் கூடாரங்களுக்குக் குதிரையில் போனான். வெள்ளிக்கிழமை திரும்பினான். போகும்போது தன் ஆட்களோடு போனவன் வரும்போது தார்த்தாரியக் குதிரைக்காரர்கள் சூழ வந்தான். நேற்று மாலை பெரிய ஆயரின் அறையில் அவனும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். உள்ளே என்ன பேச்சு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பேசி முடித்து வெளியே வந்த பெலோட்டா முற்றத்தில் அவளைப் பார்த்தான், நின்றான், தலையைக் கொஞ்சம் குனிந்து, "குளிர் அதிகமா இருக்கு, அரசியாரே" என்றான். அரசியாரே. அவன் அவள் கணவனின் கூட்டுச் சகோதரன். இருவரும் கைநரம்பைக் கீறி ரத்தம் கலந்து, தேவாலயத்தில் சத்தியம் செய்து சகோதரர்கள் ஆனவர்கள். மலையடிவாரத்துக் கோட்டையில் புதுப்பெண்ணாக அவள் வந்து இறங்கிய நாள் முதல் அவனுக்கு அவள் அண்ணிதான். அண்ணி, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்துங்க. அண்ணி, உங்க வீட்டுக்காரரு தூங்கறப்போ பல்லைக் கடிக்கிறாரு, நாங்க ஒரு படையே கூடாரத்துல முழிச்சுக்கிட்டுக் கிடந்தோம். கணவர் ராடுல் அரசனான பிறகும் அண்ணிதான், அவர் சாவுச் சடங்கிலும் அண்ணிதான். நேற்று அரசியாரே. மரியாதைக்கு ஒரு சொல்லைக் கூட்டிவிட்டான் என்று எடுத்துக்கொள்ள முடியுமா. இரவு முழுக்க அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒன்றுதான். கொல்லப்போகிற ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பார்களே, அப்படி.

அரசருக்காக மன்றாடுவோம் என்று உதவிக் குரு கெர்மன் பாடினார். கூட்டம் ஆண்டவரே இரங்கும் என்றது. அவளும் சொன்னாள், உதடு மட்டும். இந்த இடத்தில் எப்போதும் பெயர் வராது, வெறும் அரசர்தான். பெயர் பிறகு வரும், நற்செய்தி வாசித்து முடிந்து, அப்பமும் திராட்சை ரசமும் ஊர்வலமாக வெளியே வந்து, அரச மேடைக்கு முன்னால் நிற்கும்போது. அப்போது கெர்மன் உரக்கச் சொல்லுவார், இன்னார் நம் அரசர் என்று. அந்தப் பெயர்தான் அரசன். நகரத்தில் யாரும் முரசு அடித்துச் சொல்வதில்லை. முந்தைய அரசன் ஓடிப்போனபோதும் அப்படித்தான், ஒரு ஞாயிறு வேறு பெயர் வாசித்தார்கள், மக்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். வெறும் அரசர் என்று மட்டும் சொன்ன இந்த வாக்கியத்தில் இப்போது யார் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாற்காலியை முதுகுப் பக்கமிருந்து பார்ப்பதுபோல. உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. நேரம் இருக்கிறது. நற்செய்தி இன்னும் வரவில்லை. நேரம் இருக்கிறது என்பது நல்லதா. விதான் அவள் கையை உலுக்கி, "அம்மா, கண்ணு அரிக்குது" என்றான். தேய்க்காதே என்றாள். இடது கண்ணில் மேலிமையோரம் கட்டி வந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. தினமும் காலையில் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து ஒற்றுகிறாள். இன்று காலை துணியோடு அவன் முகத்துக்குக் கிட்டே போனவள் பாதியில் நின்றுவிட்டாள். கை வரவில்லை. சூடான ஒன்றை அந்தக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோக முடியவில்லை. அவன் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தான். எவ்வளவு நம்பிக்கையாகக் காத்திருந்தான். துணி ஆறிப்போனபின் ஒற்றினாள், ஆறிய துணியால் ஒரு பயனும் இல்லை.

கொல்ல மாட்டார்கள். அது நன்றாகத் தெரியும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையைக் கொல்வது பாவம், அதனால் கொல்வதில்லை. இரும்பைக் காய்ச்சுவார்கள், கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பிடிப்பார்கள், தொடக்கூட வேண்டாம் என்கிறார்கள். கண் போனவன் அரசனாக முடியாது. அப்புறம் மடத்தில் விட்டு நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். போன வருஷம் அவளே பார்த்தாள். ஆற்றங்கரை மடத்துக்கு அப்பம் கொண்டுபோயிருந்தபோது மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த பையன் முந்தைய அரசனின் மகன் என்று அவளுக்கு முதலில் தெரியாது. மணி அடித்து முடித்து, கயிற்றை ஆணியில் ஒழுங்காகச் சுற்றி மாட்டிவிட்டுத் திரும்பினான். யார் அங்கே என்றான். கும்பிட வந்தவங்க என்று சொல்லிவிட்டாள். அரசி என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவன் கையை நீட்டிக்கொண்டே வந்து விதானின் முகத்தைத் தடவிப் பார்த்தான், நெற்றி, மூக்கு, கன்னம். விதான் பயப்படவில்லை, கூச்சத்தில் சிரித்தான். "இவனுக்கு இமைமுடி நிறைய" என்றான் அந்தப் பையன், ஏதோ குதிரைக்குட்டியைப் புகழ்வதுபோல. அவள் விதானை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கொண்டுபோன அப்பத்தைக் கொடுத்தாளா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை. கொடுத்திருப்பாள். வண்டியில் திரும்பி வரும்போது மடியில் எதுவும் இருக்கவில்லை. கொடுத்திருப்பாள்.

அந்தப் பையனுக்கு அதைச் செய்தது ராடுல். கையால் செய்யவில்லை, ஒரு வார்த்தை சொன்னார். அரசனான முதல் குளிர்காலம், இரவுச் சாப்பாடு, பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும். பெலோட்டாவும் இருந்தான். மலைப்பக்கத்து ஊர்களில் சில தேவாலயங்களில் அந்தப் பையனின் பெயரை இன்னும் அரசன் என்று வாசிக்கிறார்கள், அவன் தாய் அந்தப் பெயரைச் சொல்லி அங்கேயெல்லாம் வழிபாட்டுக்கு அப்பம் அனுப்புகிறாள் என்று பேச்சு வந்தது. ராடுல் ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறவர், நாய் செத்ததற்கு அழுதவர். "பேரை வாசிச்சுக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது" என்றார். பெலோட்டா தட்டைப் பார்த்தான். செய்துவிடு என்பதுபோல ராடுல் தலையசைத்தார். பிறகு அவளிடம் உப்பைக் கேட்டார். அவள் உப்பை எடுத்துக் கொடுத்தாள். அந்த உப்புச் சிமிழ் மரத்தில் கடைந்தது, மூடி இறுக்கம், திறக்கச் சிரமப்பட்டாள். கொடுத்தாள். பேசியிருக்கலாமோ என்று நினைப்பது இப்போது, அப்போது மூடி இறுக்கமாக இருக்கிறதே என்றுதான் நினைத்தாள். சபையில் நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சுவரில் அவளை வரைய வந்த ஓவியன்கூட அதைத்தான் சொன்னான், நிமிர்ந்து பார்த்தால்தானே வரைய முடியும், இல்லாவிட்டால் யாராவது ஒரு புனிதையின் முகத்தைத்தான் வைக்க வேண்டும் என்று. அப்படியே வைத்துவிட்டான்.

அந்தச் சுவர் எதிரில்தான் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே பார்க்கலாம். ராடுல், அவர் கையில் சிலுவை, பக்கத்தில் யாரோ ஒரு புனிதையின் முகத்தோடு அவள், நடுவில் விதான், அப்போது ஐந்து வயது. முன்பு அதே இடத்தில் வேறு ஓர் அரசனும் அரசியும் பிள்ளையும் இருந்தார்கள். புதுச் சுண்ணாம்பு பழைய படத்தின்மேல் ஒட்டாது, வழுக்கி விழுந்துவிடும். அதனால் வேலைக்காரர்கள் சின்னக் கூர்க்கோடாலியால் பழைய படத்தை முழுக்கக் கொத்தினார்கள். பிடிப்பு வேண்டுமே. முதலில் முகங்களைத்தான் கொத்தினார்கள், முகம் உயரத்தில் இருந்தது, சாரத்தின் மேலிருந்து ஆரம்பித்துக் கீழே வருவதுதான் அவர்கள் வழக்கம். டொக், டொக் என்று அந்த அரசியின் கன்னத்தில். விரோதம் ஒன்றும் இல்லை, ஒருவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் கொத்தினான். கடைசியில் கீழே ஒரு சாண் சுண்ணாம்பு போதாமல் போய்விட்டது. அந்த அரசியின் சிவப்புப் பாவாடை விளிம்பும் இரண்டு காலணி நுனிகளும் இன்றும் ஸ்தானாவின் படத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கின்றன. இரண்டு ஜோடிக் கால்களோடு அரசி. பெலோட்டாவின் மனைவி பருமன், அகலமானவள். அவளை வரைய இடம் போதாது, தூண்வரை கொத்த வேண்டியிருக்கும். இப்படி ஒரு நினைப்பு வந்து, சிரித்துவிடுவோமோ என்று பயந்து வாயை இறுக மூடிக்கொண்டாள். பெலோட்டா அவளுக்கு இடப்புறம், பத்தடியில், ஆண்கள் வரிசையின் முன்னால் நின்றான். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. நற்செய்தி வாசிக்க எல்லோரும் தலைகுனிந்தார்கள். அவன் குனியும்போது அங்கிக்குள் இரும்புச் சட்டை போட்டிருப்பது தோளில் தெரிந்தது. தேவாலயத்துக்கு யாரும் இரும்புச் சட்டை போட்டு வருவதில்லை.

ஓடிவிடலாமா. வடக்குப் பக்கத்தில் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது, கரியும் எண்ணெயும் கொண்டுவருகிறவர்களுக்கு. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு போகலாம். அங்கேயும் ஆள் இருப்பான். இல்லாவிட்டாலும், எழுந்து போனால் பயந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும், பயந்தவளைத் துரத்துவது எல்லோருக்கும் எளிது, நாய்க்குக்கூட. அவள் தம்பி தோப்ரி படையோடு மலைக் கணவாயில் இருக்கிறான். பனி. வருகிறேன், பெயரைப் பிடித்துக்கொண்டிரு என்று ஆளனுப்பியிருந்தான். ராடுலும் அதைத்தான் சொன்னார், காய்ச்சலில், கடைசி இரவுக்கு முந்தின பகலில், பேரை விட்டுடாதே. அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குச் சுலபம். பேரைப் பிடித்துக்கொள். எதால் பிடிப்பது. ராடுல் பிடித்தது மூன்றரை வருஷம். தோப்ரி இன்று வருவானா, நாளை வருவானா, பனி உருகித்தான் வருவானா. இன்று கெர்மன் விதானின் பெயரை அரசன் என்று வாசித்துவிட்டால்? வாசித்துவிட்டால் கூட்டம் ஒருகணம் பெலோட்டாவைப் பார்க்கும், பெலோட்டா வாசல் காவலர்களைப் பார்ப்பான். வாசிக்காமல் பெலோட்டாவின் பெயரை வாசித்தால், விதான் பெயர் பறிபோன அரசன். பெயர் பறிபோன அரசன் திரும்பிக் கேட்பான் என்று எல்லோரும் நினைப்பார்கள். கேட்க முடியாமல் செய்வார்கள். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். அந்த இடத்தில் அவள் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, பின்னால் வந்தது, மறுபடி முட்டியது. வாசித்தாலும். வாசிக்காவிட்டாலும். முதுகில் வியர்வை ஓடியது. வாய் திறந்தால் புகைபோல மூச்சு வருகிற குளிரில்.

பீடத்தின் பக்கக் கதவு திறந்து கெர்மன் வந்தார். வருவாரா மாட்டாரா என்று காலையிலிருந்து அவள் கேட்டுக்கொள்ளாத கேள்வி அதுதான் போலிருக்கிறது, அவரைக் கண்டபிறகுதான் அது தெரிந்தது. கெர்மன் ஞாயிறு தவறாமல் இந்த நேரத்தில் அவளிடம் வருவார். அவள் சுட்டுக் கொண்டுவந்த அப்பத்தை வாங்கிக்கொண்டு யார் பெயர் என்று கேட்பார். ஊருக்கெல்லாம் தெரிந்த பெயரை அவர் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. ராடுல் அரசனான முதல் ஞாயிறு, முப்பது வருஷப் பழக்கத்தில் வாய் தானாக ஓடி, ஓடிப்போன அரசனின் பெயரையே நீடூழி வாழ்க என்று பாடிவிட்டார். ராடுல் சிரித்துவிட்டார். பெலோட்டா சிரிக்கவில்லை. வழிபாடு முடிந்ததும் வெளியே கூட்டிப்போய் ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் அவர் தாடியில் பாதியை வெட்டி அனுப்பினான். அதற்குப் பிறகு, ஓர் அரசனுக்கு எத்தனை ஞாயிறு வாசித்திருந்தாலும், அப்பம் தருகிறவர் வாயால் கேட்காமல் அவர் வாசிப்பதில்லை. சொன்னது சொன்னபடி, ஓர் எழுத்து கூடாது, குறையாது. அரண்மனையில் அதை வைத்துச் சிரிப்பார்கள். கெர்மன் தன் பெண்டாட்டி பேரையும் விசாரித்துவிட்டுத்தான் கூப்பிடுவார் என்பார்கள். இன்று அவர் தாடி நடுங்கியது. அப்பத்தை வாங்கக் கையை நீட்டினார். குனிந்து, உதடு அசையாமல் பேசினார்.

"தாயே, காலையில எனக்கு ஒரு பேரு சொல்லியிருக்காங்க. பெரிய ஆயர் பக்கத்துல இருந்தாரு, மறுக்கல. ஆனா அப்பம் உங்களோடது. உங்களைக் கேக்காம எனக்கு வாய் வராது. யார் பேரைச் சொல்லணும்?"

அவள் அப்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அடிப்புறம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இரு பக்கமும் இருவர் பிடித்திருக்க அப்பம் நடுவில் நின்றது. நாலு பேர் பார்க்கிறார்கள், பெலோட்டாவும் இப்போது பார்க்கிறான், முதல் முறையாக. பேரை விட்டுடாதே. உப்பு. பேரை வாசிச்சுக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது. வாசித்துக்கொண்டே இருந்ததால்தானே. கண் போன பையனின் தாய் மலை ஊர்களுக்கு ஞாயிறுதோறும் அப்பம் அனுப்பினாள், ஒவ்வொரு அப்பத்தோடும் அரசன் என்ற சொல்லை அனுப்பினாள், பெருமையாகத்தான் அனுப்பியிருப்பாள், மகனுக்காகத்தான். பெயரும் அந்தச் சொல்லும் ஒன்றுதான் என்று ராடுல் நினைத்தார், தோப்ரி நினைக்கிறான், இவ்வளவு நேரம் அவளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றா. விதானுக்குப் பெயர் வைத்தது அரண்மனையில் இல்லை. கோட்டைக் குதிரைலாயத்துக்கு மேலிருந்த அறையில், மழையில், கூரை ஒழுகி, வாளி வைத்திருந்தார்கள். அப்போது அவன் எவருக்கும் அரசன் இல்லை. பிரசவ வலியில் அவளுக்கு அந்தப் பெயரைத் தவிர எதுவும் சொல்லத் தெரியவில்லை. அரசன் என்ற சொல்லை விட்டுவிட்டால் மட்டும் அவனை விட்டுவிடுவார்களா. யாருக்குத் தெரியும். விடாமல் இருக்கலாம். கெர்மனின் மூச்சில் பூண்டு வாசம் வந்தது. வயதானவர், குளிருக்குச் சாப்பிட்டிருப்பார். சொல்லு. வாயைத் திற.

"விதான்" என்றாள். "ஸ்தானாவின் மகன். அவ்வளவுதான்."

கெர்மன் நிமிர்ந்து பார்த்தார். "அரசர்னு…"

"அவ்வளவுதான் ஐயா. சொன்னது சொன்னபடி. சாதாரணப் பிள்ளைங்க பேரு வாசிக்கிற இடத்துல வாசிங்க."

அவர் அப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். கதவு மூடியது. அதற்குப் பிறகு அவளுக்குப் பாட்டுக் கேட்கவில்லை, தன் காதுக்குள் தன் ரத்தம் ஓடும் ஓசைதான் கேட்டது. மெழுகுவத்திகள் முன்னால் வந்தன, பாத்திரங்களை மூடிய பட்டுத் துணி வந்தது, பெரிய ஆயரின் வெள்ளைத் தாடி வந்தது. மேடைக்கு முன்னால் ஊர்வலம் நின்றது. கெர்மன் குரலைத் தூக்கினார். நம் அரசர் பெலோட்டா என்றார். கூட்டத்தில் ஓர் அசைவு, தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல, அவ்வளவுதான், அடங்கிவிட்டது. ஆயர்கள், குருக்கள், படைவீரர்கள், பிறகு பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் என்று தொடங்கி, ஊர்க்காரர்கள் அப்பம் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நோயுற்ற மார்கா. செருப்புத் தைக்கும் இலியாவின் பிள்ளைகள். பிரசவத்துக்கு இருக்கும் தொய்னா. ஸ்தானாவின் மகன் விதான். குரல் அந்த இடத்தில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுத்த பெயருக்குப் போனது.

"அம்மா, அவர் மறந்துட்டார்" என்று விதான் அவள் சட்டைக்கையை இழுத்தான். "ராஜான்னு சொல்லல."

"மறக்கல. வா" என்றாள். குனிந்து அவன் தலையிலிருந்து கிரீடத்தை எடுத்தாள். கம்பளி நூல் அவன் முடியில் சிக்கி நீண்டு வந்தது. மேடையின் நாற்காலியில் அதை வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று படிகளில் இறங்கினாள். பெலோட்டாவைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும்போது நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பார்க்க முடிந்தது. அவன் கன்னம் வெளுத்து, ஏதோ கேட்க நினைக்கிறவன்போல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கேட்கவில்லை. அவள் நிற்கவும் இல்லை. பெண்கள் நிற்கும் பின்பக்கத்தில், ஈரக் கம்பளியும் வியர்வையும் நாறுகிற நெரிசலில், நிற்க இடம் தேடினாள். மாவு படிந்த கையோடு ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். இவர்களைப் பார்த்தாள். வணங்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். ஸ்தானா அங்கே போய் நின்றாள். விதானைத் தன் முன்னால் நிறுத்தி அவன் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். பின்னால் கல்தரையில் இரும்புச் சட்டைக்காரர்களின் காலடி வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பாட்டு முடிந்தது, மறுபாட்டு தொடங்கியது. வரவில்லை. அவள் கேட்பதை நிறுத்தவில்லை.